எட்டுக் கிலோ இரும்பும் மதினியின் ஏச்சும்

மதினியின் கன்னங்கள் இரண்டும் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, கண் லேசாகச் சொருகத் தொடங்கிய அந்தக் கணம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அவள் வலது தோளுக்கு நேரே ஓர் எட்டுக் கிலோ கெட்டில்பெல். அதைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். பாதி தூரம் போன கை அங்கேயே நின்று நடுங்கியது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு இரும்பு தொப்பென்று ரப்பர் விரிப்பில் விழுந்தது. அதற்குப் பக்கத்திலேயே மதினியும் உட்கார்ந்துவிட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடம் அது. காலை பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டியிருப்பார்கள். எனக்கு முழங்கால் வலி, அதற்காக ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருந்தேன். மதினியைச் சேர்த்துவிட்டது நான்தான். அண்ணன் மனைவியை மயக்கம் போட்டு விழ வைத்த பெருமை எனக்கு வந்து சேரப்போகிறது என்று பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன்.

பயிற்சி கொடுப்பவள் புன்னக்காயல் என்ற கடற்கரை ஊர்ப் பெண். முப்பது வயது இருக்கும். பெண்ணாக இருந்தாலும் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் பதற்றப்படவில்லை. குனிந்து மதினியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“மூச்ச எங்கன வச்சிருந்தீங்க?”

“தம் கட்டியிருந்தேன். தம் கட்டாம எப்படித் தூக்க?”

மதினி சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் பாரம் என்றால் முதல் வேலை தம் கட்டுவதுதான். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள், சாமி சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறவர்கள், பீரோவை இடம் மாற்றுகிற நாங்கள், எல்லாருமே மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் கையை வைப்போம். மூச்சு வெளியே போனால் அதோடு பலமும் போய்விடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் அது தெரியும். மதினியோ காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவள். இந்த வயதில் தம் கட்டித் தூக்கினால் ஒருநாள் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் நீங்களும் படுக்க வேண்டியதுதான் என்று மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். மதினி அதற்கும் அசரவில்லை. முந்தானையை இறுக்கிச் செருகுகிற பழக்கத்தில் சுடிதார் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

அவளுக்கு அந்தப் பிடிவாதம் வந்ததற்குக் காரணம் என் அண்ணன். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நல்ல உயரம். சாப்பாட்டில் ஒருநாளும் குறை வைக்காததால் உயரத்துக்கு ஏற்ற அகலமும் உண்டு. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. தண்ணி என்று அவன் கேட்பது மற்றவர்கள் காதில் அன்னி என்று விழும். கூடப் பிறந்த எனக்கே பாதிதான் புரியும். மதினிக்கு மட்டும் ஒரு வார்த்தை தப்பாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். ஒருவர் ஊரில் கோயில் கொடை என்று திருவிழாவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இன்னொருவர் அண்ணனை அரிசி மூட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டினார் என்று மதினியே அவரை அனுப்பிவிட்டாள். அதற்கடுத்த வாரம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அண்ணன் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டான். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவளால் அவனைத் தூக்க முடியவில்லை. எதிர்வீட்டு ஆட்கள் வந்து தூக்கும்வரை இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்களாம்.

செய்தி பெங்களூருக்குப் போயிற்று. அங்கே இருக்கும் அவர்கள் மகன் அன்றைக்கே போன் பண்ணினான். நல்ல பையன்தான், அக்கறை இல்லாதவன் என்று சொல்ல மாட்டேன். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று இருக்கிறதாம். இங்கே பாளையங்கோட்டைப் பக்கம் வண்ணாரப்பேட்டையில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா அவனோடு இருக்கலாம், அப்பா அந்த இல்லத்தில் இருக்கலாம், தினமும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். மதினி மாட்டேன் என்றாள். பேச்சு வளர்ந்து கடைசியில் அவன் ஒரு நிபந்தனை வைத்தான்.

“பொங்கலுக்கு வாரேன்மா. நீ தனியா அப்பாவக் கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு மாத்து, நான் என் கண்ணால பாக்கணும். முடிஞ்சா அப்பா அங்கனயே இருக்கட்டும். முடியலன்னா நான் கூட்டிட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் நீ பேசக்கூடாது.”

“சரிலே, வந்து பாரு,” என்று சொல்லி மதினி போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு என்னைப் பார்த்து, “ஏளா, நீ போற இடத்துக்கு நாளைக்கு நானும் வாரேன்,” என்றாள்.

அப்படித்தான் கெட்டில்பெல் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. உருண்டை இரும்புக்கு மேலே ஒரு வளையக் கைப்பிடி, அவ்வளவுதான். பார்த்தால் பெட்டிக்கடைப் பூட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்ததுபோல் இருக்கும். மதினி முதல்நாளே அதற்குப் பூட்டு என்று பெயர் வைத்துவிட்டாள். வீட்டில் பழகுவதற்கு ஒன்று வாங்கியபோது அண்ணனிடமும் அப்படித்தான் அறிமுகம் செய்தாள். நான் செல்போனில் பயிற்சி வீடியோக்களைப் பார்த்து அவளுக்குக் காட்டுவேன். ஒரே இரும்பை வைத்துக்கொண்டு மனிதர்கள் இவ்வளவு கோட்டித்தனம் பண்ண முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நின்றபடி தலைக்கு மேல் தூக்குகிறார்கள், ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு தூக்குகிறார்கள், மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துத் தள்ளுகிறார்கள். சிலர் அதைத் தலைகீழாகப் பிடித்து நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். தலையைச் சுற்றி மெல்லச் சுற்றுகிற ஒன்று உண்டு. அதை மட்டும் மதினி யாரும் சொல்லித் தராமலே செய்தாள். “கண்ணேறு கழிக்குத மாதிரிதானே,” என்றாள். படுத்த நிலையிலிருந்து இரும்பைத் தலைக்கு மேல் பிடித்தபடியே எழுந்து நிற்கிற ஒன்றைப் பார்த்து நான் வாய் பிளந்தேன். மதினி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். “படுக்கையில இருந்து எந்திரிக்க வேண்டியது உங்க அண்ணன், நான் இல்ல.”

எல்லாவற்றிலும் அவள் மனம் போய் நின்றது தலைக்கு மேல் தூக்குவதில்தான். பலம் என்றால் அதுதான் என்று அவள் முடிவு செய்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மயக்கம் வந்த அன்று மாஸ்டர் தண்ணீர் கொடுத்துவிட்டு வேறொன்று கேட்டாள்.

“அண்ணனை வீட்டுல எப்படித் தூக்குதீங்க? இங்கன எனக்குச் செஞ்சு காட்டுங்க.”

அண்ணனாக நடிக்க நான் கட்டில் உயரத்தில் இருந்த அகலமான பெஞ்சில் படுத்தேன். பெஞ்சு உறை பிளாஸ்டிக் வாடை அடித்தது. வலது கையையும் காலையும் செத்ததுபோல் போட்டுக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடித்தேன். பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். மதினி என்னைப் பக்கவாட்டில் திருப்பினாள், தோளுக்கு அடியில் கை கொடுத்து உட்கார வைத்தாள், என் இடுப்பில் கட்டிய துணிப் பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள், மார்போடு அணைத்து நிறுத்தினாள், பைய ஒரு பக்கமாகத் திரும்பி நாற்காலியில் இறக்கினாள். விழுந்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்ததை அவள் மறக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் மாஸ்டர் கேட்டாள்.

“இதுல எந்த இடத்துல நீங்க தலைக்கு மேல தூக்கினீங்க?”

நான் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் இல்லை. தள்ளுவது கொஞ்சம், இழுப்பது நிறைய, பிடித்தபடி நிற்பது எல்லாவற்றையும்விட நிறைய. கழுத்துக்கு மேலே கை போகவே இல்லை. இவ்வளவு நாள் எதற்காகத் தலைக்கு மேல் போராடினோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மதினிக்கு வரவில்லை. “தலைக்கு மேல தூக்கினாத்தானே பாக்க எடுப்பா இருக்கும்,” என்று முணுமுணுத்தாள். அவள் ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. மகன் வரும்போது இரும்பை உயரே பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று மனசுக்குள் படம் போட்டு வைத்திருந்தாள் போலும்.

அதன் பிறகு தேர்வு எளிதாகிவிட்டது. ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையால் பூட்டை இடுப்பை நோக்கி இழுப்பது முதலாவது. படகைக் கரைக்கு இழுக்கிறவர்கள் கையால் இழுப்பதில்லை, முதுகால்தான் இழுப்பார்கள் என்று மாஸ்டர் தன் ஊர்க் கதையைச் சொல்லி, முழங்கை விலாவை ஒட்டி வர வேண்டும் என்று காட்டினாள். அடுத்தது, பூட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. அண்ணனைப் புரட்டுவதற்குத் தள்ளும் பலமும் வேண்டுமே, அதற்காகத் தரையில் மல்லாந்து படுத்து இரும்பை மேலே தள்ளுவது. நின்று தள்ளுவதைவிட இது தோளுக்குப் பாதுகாப்பு, முழங்கை தரையில் முட்டியதும் அதற்குக் கீழே போகாது. கண்ணேறு கழிப்பதை லேசான எடையில் வைத்துக்கொண்டோம், தோள் இளகிக் கொடுக்க. தலைக்கு மேல் தூக்குவது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போனது.

ஆனால் மூச்சு மட்டும் வழிக்கு வரவில்லை. எந்தப் பயிற்சி என்றாலும் மதினி முதலில் கன்னத்தை உப்பிக்கொள்வாள். சத்தமாக எண்ணச் சொன்னாள் மாஸ்டர். மதினி “ஒண்ணு” என்று சொல்லிவிட்டு மறுபடி தம் கட்டுவாள். இரும்பு இறங்கிய பிறகுதான் ரெண்டு வரும். சிவ சிவ என்று சொல்லிப் பாருங்கள் என்றேன். அவள் சிவநாமம் சொல்ல ஆரம்பித்தால் கண் மூடிவிடும், கை அப்படியே நின்றுவிடும். கையில் இரும்பு இருக்கும்போது பக்தி ஆகாது என்று அதையும் விட்டோம். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பலம் ஏறிக்கொண்டிருந்தது, மூச்சோ இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “மதினி, உங்களுக்கு ஒரு காலத்துல மூச்சு விடாம அண்ணன ஏசத் தெரியுமே, இப்ப மட்டும் என்ன,” என்றேன். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மூச்சு விடாம யாரும் ஏச முடியாதே,” என்றாள்.

எங்கள் பக்கம் திட்டுவதை ஏசுவது என்போம். மதினியின் ஏச்சு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அதில் கெட்ட வார்த்தை ஒன்று இருக்காது, மரியாதை கொஞ்சமும் குறையாது, வாங்க போங்க என்றேதான் கிழிப்பாள். அண்ணன் குடையை எங்காவது மறந்துவிட்டு வந்தால் அந்தக் குடை வாங்கிய கடையில் தொடங்கி அவன் பள்ளிக்கூடத்தில் தொலைத்த சிலேட்டுவரை போய்வருவாள். அண்ணன் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த ஏச்சு நின்றுபோயிருந்தது. வீட்டில் எல்லாமே மெல்லப் பேசப்பட்டது. சாப்பிடுங்க, போதுமா, குளிருதா என்று வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல மதினி அவனிடம் கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நோயினால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

“அவர ஏசுதாப்புல நினைச்சு இழுங்க,” என்றாள் மாஸ்டர்.

“உடம்புக்கு முடியாத மனுசன எப்படி ஏச?”

“அவரு இங்கன இல்லல்லா. பூட்ட ஏசுங்க.”

மதினி சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சில் கை ஊன்றினாள். இரும்பைப் பிடித்து இழுத்தபடி, மிகவும் சின்னக் குரலில், “மாத்திரைய நாக்குக்கு அடியில ஒளிச்சி வச்சித் துப்புதீங்களே,” என்றாள். இரும்பு லேசாக மேலே வந்தது. “நான் பாக்கலன்னு நெனப்பு.” மறுபடி வந்தது. அதன்பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. மாத்திரையில் தொடங்கியது சீனி போட்ட காப்பிக்குப் போயிற்று, டாக்டர் சொல்லியும் நடக்கப் போகாத காலத்துக்குப் போயிற்று, முக்கூடலில் அவள் தங்கை கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்ததுக்குப் போயிற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு குற்றம். கன்னம் உப்பவில்லை. முகம் சிவக்கவில்லை. கடைசியில் இரும்பைப் பைய இறக்கி வைத்துவிட்டு, “என்னைய இப்படி விட்டுட்டுப் படுத்துக்கிட்டீங்களே,” என்றாள். மாஸ்டர் துண்டை எடுத்துக் கொடுத்தாள். மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கைக்கு மாறினாள்.

வீட்டிலும் அதுவே நடந்தது, அவளுக்குத் தெரியாமலே. நான் அன்று அங்கே இருந்தேன். அண்ணனைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, துணிப் பட்டையைப் பிடித்து, முழங்காலால் அவன் வலது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து இழுத்தபோது, பழக்கதோஷத்தில் வாய் திறந்துகொண்டது. “ஒரு காலு நல்லாத்தான இருக்கு, அத ஊனுனா கொறஞ்சா போயிருவீங்க?” சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அண்ணனின் இடது கால் அதற்குள் தரையை அழுத்தி ஊன்றியிருந்தது. இத்தனை மாதமாக மூட்டைபோலத் தூக்கப்பட்டவன் அன்றைக்குத்தான் தானும் சேர்ந்து எழுந்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை. மதினி எட்டுக் கிலோவை விட்டுப் பன்னிரண்டுக்குப் போனதும் அந்த வாரம்தான்.

பொங்கல் கழிந்த மறுநாள் பரீட்சை. மகனும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். மருமகள் சென்னைப் பெண், கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மெதுவாகப் பேசுவாள், எல்லாரையும் விழுந்து கும்பிடுவாள். மதினி புதுச்சேலை கட்டியிருந்தாள். தூக்குகிற வேலைக்கு அது தோதில்லை என்று எனக்குப் பிடிக்கவில்லை. கட்டில் விளிம்பில் அண்ணன் உட்கார்ந்திருந்தான், இடுப்பில் சாரம் என்று நாங்கள் சொல்லும் கைலிக்கு மேல் துணிப் பட்டை கட்டியிருந்தது. மதினி எதிரே போய் நின்றாள். மருமகளை ஒருமுறை பார்த்தாள். வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணின் முன்னால் புருஷனை ஏசுவது எப்படி. “எந்திரிங்க,” என்றாள், தேன் போல. கன்னம் உப்பியது. நான் கையைப் பிசைந்துகொண்டேன். அண்ணன் பாதி எழுந்தான், அங்கேயே நின்றான், அவன் மறுபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

மகன் முன்னால் வந்தான். மதினி ஒரு கையை நீட்டி அவனைத் தடுத்தாள். அப்போது அண்ணன் வாயைத் திறந்தான். நெடுநேரம் முயன்று ஒரே ஒரு சொல் சொன்னான்.

“ஏ… சு.”

மருமகள் என் காதருகே வந்து, “அத்தை, மாமா ஏசுவைக் கூப்பிடுறாங்களா?” என்று பயத்தோடு கேட்டாள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அண்ணன் முகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. மதினிக்கு விளங்கிவிட்டது. அவன் பேச்சு அவளுக்கு என்றைக்குத்தான் விளங்காமல் போயிற்று. புதுச்சேலையை வரிந்து செருகினாள், பட்டையைப் பிடித்தாள், வாயைத் திறந்தாள். “கேட்டு வாங்கிக்கிடுதீங்களோ? மகன் வந்திருக்கான்னு ஒரு எட்டு எந்திரிச்சி நிக்க வலிக்கி. ரெண்டாம் தடவ பொங்கல் கேக்க மட்டும் வலிக்கல, என்ன? ஊனுங்க அந்தக் கால. ஊனுங்கங்கேன்.” ஏச்சு முடியும்போது அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவள் மார்போடு சாய்ந்து, இடது காலை ஊன்றி, நேராக நின்றுகொண்டிருந்தான். மதினி திரும்பினாள், பைய இறக்கினாள், அவன் காலைத் தூக்கி நாற்காலிப் பலகையில் வைத்தாள். மூச்சு வாங்கவில்லை.

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவன் விடவில்லை, அவன் கவலை அவனுக்கு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“முடியுதும்மா, நான் ஒத்துக்கிடுதேன். ஆனா எத்தன நாளைக்கு? அங்கன மாத்தி மாத்தி ஆள் இருக்காங்க, தூக்குததுக்கு மிசின் இருக்கு. பூ மாதிரி பாத்துக்கிடுவாங்க. அப்பா என்ன செஞ்சாலும் ஒரு வார்த்த கடுசாச் சொல்ல மாட்டாங்கம்மா.”

“அதத்தாம்லே நானும் கேக்கேன்,” என்றாள் மதினி. “அங்கன இவர ஏச யாரு இருக்கா?”

அவன் அப்பாவைப் பார்த்தான். அண்ணன் நல்ல கையால் சாரத்தைச் சரிசெய்துகொண்டு, மகனை நிமிர்ந்து பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தான். மகன் மதினியின் கையை விட்டான். இரண்டு நாள் கழித்து அவனும் மனைவியும் மட்டும் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள்.